பழைய மாடல் ரயில் எஞ்சின் ஓடவில்லையா? மோட்டாரைப் பழுதுபார்க்கும் வழி

ஓடாத பொம்மை ரயில் எஞ்சின் ஒன்று கைக்கு வந்ததும் பெரும்பாலானோர் திருப்புளியை எடுத்து மோட்டாரைப் பிரித்துப் போட்டுவிடுகிறார்கள். அது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. பரணில் ஆண்டுக்கணக்கில் கிடந்த எஞ்சினில் மோட்டார் எரிந்துபோயிருப்பது அபூர்வம். சக்கரத்தில் படிந்த அழுக்கு, பிசினாக இறுகிய எண்ணெய், தேய்ந்த கார்பன், விட்டுப்போன ஒயர் ஆகியவற்றில் ஏதோ ஒன்றுதான் வழக்கமான காரணம். எனவே வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும். தண்டவாளம், சக்கரம், ஒயர், பிரஷ் (மின்சாரம் கொடுக்கும் கார்பன் துண்டு), கம்யூட்டேட்டர் (அது உரசும் செம்புப் பகுதி) என்று மின்சாரம் போகும் வழியிலேயே நாமும் போய், கடைசியில்தான் ஆர்மேச்சரை (மோட்டாருக்குள் சுழலும் காயில் பகுதி) தொட வேண்டும். வரிசை மாறினால், ஓடக்கூடிய மோட்டாரையும் நம் கையாலேயே கெடுத்துவிடுவோம். எப்படி என்பது காந்தம் பற்றிய பகுதியில் வரும்.

இத்தகைய எஞ்சின்கள் நம் வேலூர்ப் பக்கத்தில் ஏன் கிடைக்கின்றன என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்தில் கிளம்பிய தென்னிந்தியாவின் முதல் ரயில் வந்து சேர்ந்தது நம் வாலாஜா ரோட்டுக்குத்தான். காட்பாடி, ஜோலார்பேட்டை, அரக்கோணம் என்று ரயில்வே சம்பளத்தில் வளர்ந்த குடும்பங்கள் இங்கே ஏராளம். ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் ஊரைவிட்டுப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனவை, லண்டனிலிருந்து உறவினர் வாங்கி வந்தவை, சென்னை மூர் மார்க்கெட் 1985-இல் எரிவதற்கு முன் அங்கே பேரம் பேசி வாங்கியவை என்று ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு கதை இருக்கிறது. கதை எதுவானாலும் பழுது ஏறக்குறைய ஒன்றே.

எஞ்சின் எந்த வகை?

மின்சாரம் கொடுப்பதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஹார்ன்பி, டிரை-ஆங், லீமா போன்ற நிறுவனங்களின் இரட்டைத் தண்டவாள எஞ்சின்கள் 12 வோல்ட் டி.சி. (ஒரே திசை) மின்சாரத்தில் ஓடுபவை. ஜெர்மனியின் மேர்க்லின் எஞ்சின்கள் பெரும்பாலும் ஏ.சி.யில் (மாறுதிசை மின்சாரத்தில்) ஓடும். தண்டவாளத்தின் நடுவில் மூன்றாவது தொடர்பு இருக்கும். எஞ்சினின் அடியில் நீண்ட சறுக்குத் தகடு ஒன்று தெரியும். ஆனால் மூன்று தண்டவாளம் என்றாலே ஏ.சி. என்று முடிவுகட்டிவிடக் கூடாது. 1938-இல் வந்த ஹார்ன்பி டப்ளோ மூன்று தண்டவாளத்தில் ஓடியது. ஆனால் அது டி.சி. எஞ்சின். சாவி போடும் துளை இருந்தால் அது ஸ்பிரிங்கில் ஓடும் எஞ்சின். இந்தக் கட்டுரை அதற்குப் பயன்படாது.

சந்தேகம் வந்தால் ஒரு குண்டூசியை நூலில் கட்டி மோட்டாரின் அருகே கொண்டுபோங்கள். மின்சாரம் இல்லாதபோதே ஊசியை இழுத்தால் உள்ளே நிலைக்காந்தம் இருக்கிறது, அது டி.சி. மோட்டார். இழுக்காவிட்டால், காந்தத்துக்குப் பதில் காயில் சுற்றிய ஏ.சி. மோட்டாராக இருக்கலாம். (காந்தம் முழுவதும் வலுவிழந்த மோட்டாரும் இழுக்காது, ஆனால் அந்த அளவுக்குப் போவது அரிது.) டி.சி. எஞ்சினுக்கு ஏ.சி. கொடுத்தால் அது ஓடாது. உறுமிக்கொண்டே சூடேறிக் கருகும்.

எஞ்சினுடன் வந்த பழைய கன்ட்ரோலர், டிரான்ஸ்ஃபார்மர் எதையும் பிளக்கில் சொருகாதீர்கள். ஐம்பது, அறுபது ஆண்டு ரப்பர் உறை வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே பொடிந்து கொட்டியிருக்கும். அந்தப் பக்கம் ஓடுவது 230 வோல்ட். அமெரிக்காவிலிருந்து வந்தவை 110 வோல்ட்டுக்கானவை. நம் வீட்டுப் பிளக்கில் போட்டால் புகைதான் வரும். பழைய பெட்டியை அழகுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்கு வேறு ஏற்பாடு இருக்கிறது.

மேஜை, கருவி

வெள்ளைத் துணி விரித்த மேஜை, விளிம்பு உயர்ந்த ஒரு எவர்சில்வர் தட்டு, வாட்ச் கடைக்காரர்கள் வைத்திருக்கும் சிறிய திருப்புளிகள், கூர்முனை இடுக்கி, காது குடையும் பஞ்சுக் குச்சி, பல் குத்தும் குச்சி, மல்டிமீட்டர், 25 வாட் சால்டரிங் அயர்ன். துடைக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் (இனி ஸ்பிரிட் என்பது இதுதான்). வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றி மருந்துக்கடைகளுக்குப் பஞ்சமில்லை. எண்ணெய் எதுவும் கலக்காததா என்று கேட்டு வாங்குங்கள். பெட்ரோலும் தின்னரும் வேண்டாம். பிளாஸ்டிக் உடலையும் பெயின்ட்டையும் அவை தின்றுவிடும்.

மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்காருங்கள். சில மோட்டார்களில் பிரஷ்ஷை அழுத்தும் ஸ்பிரிங் அரிசி நீளம்கூட இருக்காது. காற்றில் பறந்தால் கிடைக்காது. சித்திரை, வைகாசியில் வேலூரில் மின்விசிறி இல்லாமல் உட்காருவது தவம்தான். விடியற்காலையில் வேலையை வைத்துக்கொள்வது நல்லது.

கழற்றும் ஒவ்வொரு கட்டத்திலும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஒயர் எந்தப் பிரஷ்ஷுக்குப் போனது என்பது மறுநாள் நினைவில் இருக்காது. மாற்றிப் பற்றவைத்தால் எஞ்சின் பின்னோக்கி ஓடும்.

சோதனை விளக்கு

புதியவர்கள் மல்டிமீட்டருக்கும் முன் செய்துகொள்ள வேண்டியது இதுதான். கேபிள் டி.வி. செட்டாப் பெட்டியுடன் வரும் 12 வோல்ட், 1 ஆம்பியர் அடாப்டர் பல வீடுகளில் சும்மா கிடக்கும். அதன் மீது '12வி டி.சி.' என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, முனையை வெட்டி இரண்டு ஒயர்களைப் பிரியுங்கள். ஒரு ஒயரின் நடுவே மோட்டார் சைக்கிள் இண்டிகேட்டரின் 12 வோல்ட், 10 வாட் பல்பைச் சேருங்கள். முனைகளில் கிளிப் மாட்டுங்கள். நம் ஊர் எலெக்ட்ரீஷியன்கள் சீரிஸ் விளக்கு என்று சொல்லும் அதே ஏற்பாடுதான், சிறிய அளவில்.

இந்த விளக்கு இரண்டு வேலை செய்கிறது. மோட்டாருக்குள் ஷார்ட் இருந்தாலும் பல்பைத் தாண்டி சுமார் 0.8 ஆம்பியருக்கு மேல் போகாது. எனவே எதுவும் கருகாது. அதோடு, உள்ளே என்ன நடக்கிறது என்றும் அது காட்டிக்கொடுக்கும். கிளிப்பைப் பிடித்ததும் மோட்டார் ஓடி, பல்பின் இழை லேசாகச் சிவந்தாலோ எரியாமலே இருந்தாலோ நல்லது. மோட்டார் ஓடாமல் பல்ப் மங்கலாக எரிந்தால் மின்சாரம் உள்ளே போகிறது, ஆனால் ஏதோ இறுகிப் பிடித்திருக்கிறது. பல்ப் முழுப் பிரகாசத்தில் எரிந்தால் ஷார்ட். மோட்டாரும் ஓடாமல் பல்பும் எரியாமல் இருந்தால் எங்கோ தொடர்பு அறுந்திருக்கிறது. இந்த நான்கு விடைகளைப் படிக்கத் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

திறக்காமலே செய்யக்கூடியவை

எஞ்சினை மல்லாத்திப் பழைய துண்டின் மீது வையுங்கள். சக்கரங்களின் ஓடும் விளிம்பில் கறுப்பாக ஒரு படலம் இருக்கும். அது மின்சாரத்தைத் தடுக்கும். பஞ்சுக் குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்து, குச்சி வெள்ளையாக வரும்வரை துடையுங்கள். உப்புத்தாளால் தேய்க்க வேண்டாம். கீறல்களில் அழுக்கு முன்பைவிட வேகமாகச் சேரும்.

சக்கரத்தின் பின்புறத்தையோ அச்சையோ தொட்டுக்கொண்டு நிற்கும் மெல்லிய பித்தளை, வெண்கலத் தகடுகள்தான் தண்டவாளத்து மின்சாரத்தை மோட்டாருக்கு எடுத்துப் போகின்றன. அவை உண்மையிலேயே தொடுகின்றனவா என்று பாருங்கள். தொடாவிட்டால் இடுக்கியால் ஒரு நூலளவு வளையுங்கள். அதிகம் வளைத்தால் பிரேக் போட்டதுபோல் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும்.

இப்போது சோதனை விளக்கின் கிளிப்புகளை இரு பக்கச் சக்கரங்களிலும் (மூன்று தண்டவாள எஞ்சினில் ஒன்றைச் சக்கரத்திலும் மற்றதை நடுத் தொடர்பிலும்) வைத்துப் பாருங்கள். ஓடினால் எஞ்சினில் குற்றமில்லை, தண்டவாளத்தைத் துடையுங்கள். பழைய எஃகுத் தண்டவாளம் நவம்பர் மழையில் துருப்பிடித்துவிடும்.

உடலைக் கழற்றியபின்

இரும்புப் பெட்டியென்று நினைத்துத் திருகுகளை முறுக்காதீர்கள். பழைய எஞ்சின்களின் வார்ப்பு உடல், துத்தநாகக் கலவையால் ஆனது. போருக்கு முந்தைய வார்ப்புகள் சிலவற்றில் ஈயம் போன்ற மாசு கலந்திருந்ததால், காலப்போக்கில் அவை உள்ளுக்குள்ளேயே வெடித்துப் பொருக்காகும். மயிரிழை விரிசல், வீங்கி வளைந்த விளிம்பு இவற்றைக் கண்டால் அங்கேயே நிறுத்துங்கள். அதற்கு மருந்தில்லை. காட்சிக்கு வைக்கலாம்.

நல்ல உடலென்றால் ஒயர்களைப் பாருங்கள். துணி, ரப்பர் உறை போட்ட ஒயர் தொட்டதும் உதிர்ந்தால் தயங்காமல் மெல்லிய புதிய ஒயர் போடுங்கள். பிரிட்டிஷ் எஞ்சின்களில் இரண்டு பிரஷ்களுக்கும் நடுவே ஒரு சிறு கெப்பாசிட்டர் இருக்கும். தொலைக்காட்சியில் கோடு விழாமல் தடுக்க அந்தக் காலத்தில் வைத்தது. அது கெட்டால் ஷார்ட் ஆகி, மோட்டாரே போனதுபோல் ஏமாற்றும். ஒரு காலை மட்டும் விடுவித்துவிட்டுச் சோதியுங்கள். அது இல்லாமலும் எஞ்சின் ஓடும்.

இனி கிளிப்புகளை நேரடியாகப் பிரஷ்களின் முனையில் வையுங்கள். இங்கே ஓடி, சக்கரத்தில் வைத்தபோது ஓடவில்லையென்றால் குற்றம் நடுவிலுள்ள ஒயரிலோ தகட்டிலோதான். மோட்டாரைத் தொடவே தேவையில்லை.

பிரஷ்ஷும் ஸ்பிரிங்கும்

வட ஆற்காட்டில் மோட்டார் என்றாலே கிணற்று பம்ப்செட் நினைவுக்கு வரும். அந்த அறிவு இங்கே உதவாது. பம்ப்செட் மோட்டாரில் பிரஷ் கிடையாது. வீட்டு மிக்ஸிதான் இதற்கு உறவு. சுழலும் ஆர்மேச்சரின் மீது இரண்டு கார்பன் துண்டுகள் உரசிக்கொண்டே மின்சாரத்தைக் கொடுக்கின்றன. கார்பன் தேயும், ஸ்பிரிங் தளரும், கார்பன் தூள் இடுக்கில் அடையும். மிக்ஸியில் வரும் நோய்கள்தான் இங்கேயும்.

1950, 60-களின் டிரை-ஆங் எஞ்சின்களில் அதிகம் காணப்படுவது எக்ஸ் 04 என்ற மோட்டார். கொண்டை ஊசி போன்ற ஒற்றை ஸ்பிரிங் இரண்டு பிரஷ் கைகளையும் இருபுறத்திலிருந்து அழுத்திப் பிடித்திருக்கும். ஒரு பிரஷ் எஞ்சினின் உலோகச் சட்டத்தோடு சேர்ந்தது; மற்றது சட்டத்தைத் தொடக் கூடாது. எனவே ஸ்பிரிங்கின் ஒரு காலில் மட்டும், மின்சாரம் தாண்டாதபடி மெல்லிய குழாய் உறை ஒன்று போட்டிருப்பார்கள். எள்ளுக்கும் மிளகுக்கும் நடுவான அளவு. இது காணாமல் போவதே இந்த மோட்டாரின் முதன்மையான நோய்.

ஜோலார்பேட்டையில் ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு ஒருவர் பச்சை நிற டேங்க் எஞ்சின் ஒன்றைக் கொண்டுவந்தார். "தம்பி, இரண்டு கடையில் காட்டிவிட்டேன். காயில் எரிந்துவிட்டது, புதிதாகக் கட்ட வேண்டும் என்கிறார்கள்" என்றார். கிளிப்பை வைத்ததும் பல்ப் பளிச்சென்று எரிந்தது. ஸ்பிரிங்கைக் கண்ணாடியில் பார்த்தால் இரண்டு கால்களும் வெறும் கம்பி. பழைய டெலிபோன் ஒயரிலிருந்து உறையை உருவி, மூன்று மில்லிமீட்டர் நறுக்கி, சட்டத்தைத் தொடக் கூடாத பிரஷ் பக்கத்துக் காலில் செருகினோம். பல்ப் அணைந்து மோட்டார் சீறிக்கொண்டு கிளம்பியது. "ஐயா, காயில் நன்றாகத்தான் இருக்கிறது" என்றதற்கு அவர் பதில் சொல்லவில்லை. அந்த இரண்டு கடைகளைப் பற்றி ஏதோ முணுமுணுத்தார்.

கார்பன் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பாருங்கள். பிரஷ்ஷைப் பிடித்திருக்கும் உலோகம் கம்யூட்டேட்டரைத் தொடும் நிலை வந்தால் உடனே மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் செம்பு அறுபட்டுவிடும். எக்ஸ் 04 பிரஷ்ஷும் ஸ்பிரிங்கும் பிரிட்டனிலிருந்து இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. காத்திருக்க முடியாதவர்கள் மிக்ஸி கார்பனைத் தேய்த்துப் போடுவதுண்டு. நான் பரிந்துரைக்க மாட்டேன். அது 230 வோல்ட்டுக்கான கடினமான, மின்தடை அதிகமுள்ள கார்பன். 12 வோல்ட்டில் மோட்டார் நொண்டும். தேய்த்தே ஆக வேண்டுமென்றால் இருசக்கர வாகனத்தின் செல்ஃப் மோட்டார் பிரஷ் மேல். அதில் செம்பு கலந்திருக்கும், 12 வோல்ட்டுக்கென்றே செய்தது. முனையைக் கம்யூட்டேட்டரின் வளைவுக்கு ஏற்ப லேசாகக் குழித்துக்கொள்ளுங்கள்.

ஸ்பிரிங் அழுத்தம் குறைந்தால் பிரஷ் துள்ளும், நிறையப் பொறி பறக்கும். அதிகமானால் மோட்டார் மெதுவாகி, கார்பன் வேகமாகத் தேயும். இதற்கு அளவுகோல் கிடையாது. சோதனை விளக்கில் ஓடவிட்டு, பொறி குறைவாகவும் ஓட்டம் சீராகவும் இருக்கும் இடத்தைக் காதாலும் கண்ணாலும்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கம்யூட்டேட்டர்

ஆர்மேச்சரின் ஒரு முனையில் துண்டு துண்டாகப் பிரிந்த செம்பு. எக்ஸ் 04-இல் உருளை. லீமாவில் தட்டையான வட்டு. மேர்க்லினில் இரண்டு விதமும் உண்டு. துண்டுகள் மூன்றோ ஐந்தோ இருக்கும். அது பளபளக்க வேண்டியதில்லை. பழுப்பான, வழவழப்பான நிறம் ஆரோக்கியமானதே. கறுத்துப் பிசுபிசுவென்றிருந்தால்தான் துடைக்க வேண்டும்.

ஆர்மேச்சரைக் கழற்றாமலே இதைச் செய்யலாம். ஸ்பிரிங்கை எடுத்துப் பிரஷ்களை விலக்கிவிட்டு, ஸ்பிரிட் நனைத்த பஞ்சுக் குச்சியைக் கம்யூட்டேட்டரின் மீது வைத்து, மறுகையால் சக்கரத்தையோ பல்சக்கரத்தையோ சுழற்றுங்கள். வார்ம் கியர் (திருகு வடிவப் பல்சக்கரம்) உள்ள எஞ்சினில் சக்கரத்தைச் சுழற்ற முடியாது. ஷாஃப்ட்டையே திருப்ப வேண்டும். பிறகு செம்புத் துண்டுகளுக்கு இடையிலுள்ள பிளவுகளைப் பல் குத்தும் குச்சியால் சுரண்டுங்கள். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். பிளவில் அடைத்த கார்பன் தூளும் எண்ணெயும் சேர்ந்து துண்டுகளைக் குறுக்கே இணைத்துவிடும். மோட்டார் சூடேறும், இழுக்காது. குச்சிக்குப் பதில் ஊசியோ பிளேடோ போட்டால் விளிம்பில் பிசிறு எழும். அது பிரஷ்ஷைத் தின்னும்.

கோடு விழுந்த செம்புக்கு 2000 எண் தண்ணீர்த்தாள் ஒரு சுற்று, அதற்கு மேல் போகாதீர்கள். கடைசி மெருகுக்கு, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் தொழிற்சாலைகளில் கழிபடும் மெல்லிய சுவேட் துண்டு ஒன்றை ஐஸ்கிரீம் குச்சியில் ஒட்டி வைத்திருக்கிறேன். நூல் உதிர்க்காது, துணியைவிட எவ்வளவோ மேல்.

ஆர்மேச்சரை மீட்டரில் பார்த்தல்

பிரஷ்கள் விலகியிருக்கும்போதே இதையும் முடித்துவிடலாம். மீட்டரை ஓம் நிலையில் வைத்து, அடுத்தடுத்த இரண்டு செம்புத் துண்டுகளைத் தொட்டு அளவெடுங்கள். மூன்று துண்டு மோட்டாரில் மூன்று ஜோடிகள். எண் என்ன என்பதைவிட மூன்றும் ஒன்றாக இருக்கின்றனவா என்பதே முக்கியம்.

மூன்று காயில்களும் முக்கோணமாக இணைந்திருப்பதால் கணக்கு சுவையானது. ஒவ்வொரு காயிலும் 15 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல ஆர்மேச்சரில் ஒவ்வொரு ஜோடியும் 10 ஓம் காட்டும். ஒரு காயில் அறுந்திருந்தால் இரண்டு ஜோடிகள் 15, ஒன்று 30. ஒரு காயில் முழுதாக ஷார்ட் என்றால் ஒன்று பூஜ்யம், மற்ற இரண்டும் ஏழரை. எனவே இரண்டு சமமாகவும் ஒன்று இருமடங்காகவும் வந்தால், கம்பி அறுந்ததென்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். அடுத்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஷாஃப்ட்டுக்கும் நடுவே அளந்து பாருங்கள். மீட்டர் எதையும் காட்டக் கூடாது. காட்டினால் காயில் இரும்பைத் தொட்டிருக்கிறது.

அறுந்தது என்றாலும் உடனே மனம் தளர வேண்டாம். காயில் கம்பி செம்புத் துண்டின் காதில் பற்றவைத்திருக்கும் இடத்திலேயே விட்டுப்போவதுதான் அதிகம். பூதக்கண்ணாடியில் பார்த்து, முனையின் எனாமலைச் சுரண்டி, ஒரு நொடி சால்டரிங் போதும். உள்ளே அறுந்திருந்தால்தான் திரும்பச் சுற்ற வேண்டும். அதற்குப் பம்ப்செட் காயில் கட்டுபவரிடம் போகாதீர்கள். அவர் கையாளும் கம்பி தடிமன் வேறு. ஃபேன் காயில் கட்டுபவர் மெல்லிய கம்பிக்குப் பழகியவர். அவரிடம் பொறுமையாகப் பேசிப் பாருங்கள். பழைய கம்பியை அவிழ்க்கும்போது சுற்றுகளை எண்ணி, சுற்றிய திசையையும் கம்பியின் தடிமனையும் குறித்துக்கொள்ள வேண்டும். மூன்று காயில்களிலும் எண்ணிக்கை ஒன்றாக இல்லாவிட்டால் மோட்டார் அதிரும்.

காந்தம்

ஆர்மேச்சரைக் கழற்றாதே என்று திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இதுதான். பழைய மோட்டார்களில் உள்ள அல்னிகோ என்ற உலோகக் கலவைக் காந்தம், நடுவிலுள்ள இரும்பை எடுத்துவிட்டால் வலுவிழக்கும். மேஜையில் இரவு முழுக்கத் திறந்து கிடந்த மோட்டார், மறுநாள் பூட்டியபின் முன்போல் இழுக்காது. கழற்றியே ஆக வேண்டுமென்றால், ஆர்மேச்சர் வெளியே வரும்போதே காந்தத்தின் இரு முனைகளுக்கும் குறுக்கே ஒரு தடித்த இரும்புத் துண்டைப் போடுங்கள். போல்ட்டாக இருந்தாலும் போதும். காந்தம் எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். திருப்பிப் பூட்டினால் எஞ்சின் எதிர்த்திசையில் ஓடும்.

வலுவிழந்த காந்தத்தின் அடையாளம் வேடிக்கையானது. சுமையில்லாமல் மோட்டார் வழக்கத்தைவிட வேகமாகச் சுற்றும், மின்சாரத்தை அதிகம் குடிக்கும், கை வைக்க முடியாமல் சுடும். ஆனால் இரண்டு பெட்டிகளைக் கூட இழுக்காது. வேகத்தைப் பார்த்து "நன்றாக ஓடுகிறது" என்று ஏமாறக் கூடாது. எக்ஸ் 04-க்கு நியோடிமியம் காந்தத் துண்டுகள் விற்கிறார்கள். பழைய காந்தத்தை எடுத்துவிட்டு அதைப் பொருத்தலாம். இடைவெளியை இரும்புத் துண்டால் நிரப்ப வேண்டும்.

மோட்டார் ஓடுகிறது, எஞ்சின் ஓடவில்லை

மோட்டாரை மட்டும் விடுவித்துவிட்டு, அடிச்சட்டத்தை மேஜையில் கையால் தள்ளிப் பாருங்கள். சக்கரங்கள் தடையின்றி உருள வேண்டும். ஒரே இடத்தில் ஒவ்வொரு சுற்றிலும் பிடித்தால் வளைந்த இணைப்புக் கம்பியோ, உடைந்த பல்லோ, சக்கரக் கோணம் மாறியதோ காரணம். நீராவி எஞ்சினில் ஒரு பக்கச் சக்கரத்தில் இணைப்புக் கம்பி மாட்டும் ஊசி, மறுபக்கத்து ஊசிக்கு 90 டிகிரி தள்ளி இருக்க வேண்டும். காரணமில்லாமல் அச்சிலிருந்து சக்கரத்தை உருவ வேண்டாம். அந்தக் கோணத்தைத் திரும்ப அமைப்பது புதியவர்களுக்குத் தலைவலி. நைலான் பல்சக்கரத்தில் அச்சு நுழையும் இடத்தில் விரிசல் விட்டிருந்தால் 'டிக், டிக்' என்று சத்தம் வரும். பசை நிற்காது, புதிய சக்கரம்தான்.

மேர்க்லின் உறுமிக்கொண்டு நகராமல் நின்றால் மோட்டாரைச் சந்தேகிப்பதற்கு முன், திசை மாற்றும் ரிலேயைப் பாருங்கள். சுமார் 24 வோல்ட் துடிப்பு ஒன்றால் இடம் மாற வேண்டிய அந்தச் சிறு நெம்புகோல், எண்ணெய்ப் பிசினில் நடுவழியில் ஒட்டி நின்றிருக்கும். விரலால் தட்டி, ஸ்பிரிட்டால் கழுவினாலே பல எஞ்சின்கள் உயிர்பெறும்.

எண்ணெய்

தேங்காய் எண்ணெய் வேண்டாம். கதவுக் கீல் முதல் சைக்கிள் சங்கிலி வரை அதையே போட்டுப் பழகிய கை நமக்கு. ஆனால் அது சில மாதத்தில் பசையாக இறுகும். நான் பார்த்த இறுகிய எஞ்சின்களில் பாதிக்குமேல் அன்போடு தேங்காய் எண்ணெய் ஊற்றப்பட்டவை. துருநீக்கும் தெளிப்பு எண்ணெயும் மோட்டாருக்குள் போகக் கூடாது. தையல் மெஷின் எண்ணெய் போதும். குண்டூசி முனையில் தொட்டெடுக்கும் அளவு, ஷாஃப்ட்டைத் தாங்கும் இரண்டு புஷ் வளையங்களிலும் ஒவ்வொரு துளி; சக்கர அச்சுகளுக்கு அதிலும் பாதி. பழைய பிசினை ஸ்பிரிட்டில் கழுவி எடுத்தபிறகே புதியது. கம்யூட்டேட்டர் பக்கத்துப் புஷ்ஷில் கஞ்சத்தனம் காட்டுங்கள்; அங்கிருந்து வழியும் எண்ணெய் கார்பன் தூளோடு சேர்ந்து நீங்கள் துடைத்த பிளவுகளை மறுபடி அடைக்கும். பல்சக்கரங்களுக்கு, பிளாஸ்டிக்கைத் தின்னாத வெள்ளை கிரீஸ் சிறிதளவு.

ஓட்டிப் பழக்குதல்

புதிய பிரஷ் போட்ட மோட்டாரை உடனே பெட்டிகளோடு ஓட்டக் கூடாது. எஞ்சினை மல்லாத்தி வைத்து, 6 வோல்ட்டில் இரு திசையிலும் கால் மணி நேரம் ஓடவிடுங்கள். கார்பன், செம்பின் வளைவுக்கு ஏற்பப் படியும். பொறி படிப்படியாகக் குறையும். பிறகு மீட்டரை ஆம்பியர் நிலையில் வரிசையில் சேர்த்து, 12 வோல்ட்டில் அளவு எடுங்கள். நல்ல எக்ஸ் 04 சுமையில்லாமல் அரை ஆம்பியருக்குள் அடங்கும். ஒரு ஆம்பியரை நெருங்கினால் ஏதோ இறுகியிருக்கிறது அல்லது காந்தம் சோர்ந்திருக்கிறது. முந்தைய பகுதிகளுக்குத் திரும்புங்கள். ஐந்து நிமிடம் ஓடியபின் மோட்டாரின் மீது விரலை வைத்தால் வெதுவெதுப்பு இருக்கலாம், சுடக் கூடாது.

மறுபடி பரணில் ஏற்றுவதாக இருந்தால் ஸ்பாஞ்சில் சுற்றாதீர்கள். நம் ஊர் வெயிலில் அது உருகிப் பெயின்ட்டோடு ஒட்டிவிடும். பருத்தித் துணியில் சுற்றி, மொட்டை மாடிக்கு நேர் கீழே இல்லாத அலமாரியில் வையுங்கள். இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து ஐந்து நிமிடம் ஓட்டினால் எண்ணெய் இறுகாது. பிரஷ்ஷும் ஒரே இடத்தில் ஒட்டிக்கொள்ளாது.